ஒரு விரல் இடைவெளி

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. பயப்படாதீர்கள், உருளாது. முழங்காலால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஆமாம், கார் சக்கரம்தான். டயரோடு. ஆத்தூர் வரைக்கும் போகிறது. நீங்கள் வாழப்பாடியா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

கண்டக்டர் முறைத்ததைப் பார்த்தீர்கள் இல்லையா? நான் லக்கேஜ் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சொல்லவே இல்லை. முன் சீட்டில் அந்த அண்ணன் ஒரு பலாப்பழத்தை மடியில் வைத்திருக்கிறாரே, அதற்கு ஏன் டிக்கெட் இல்லை என்று மட்டும்தான் கேட்டேன். அதுவும் உருண்டை, இதுவும் உருண்டை. அது இதைவிட இடத்தை அடைக்கிறது. ஒரு நியாயம் வேண்டாமா? கேள்வி கேட்டால் போதும், உடனே 'படிச்ச திமிரு' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். படித்ததால் வந்த திமிர் இல்லை இது. எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தது.

என் பெயர் கனிஷ்கா. வீட்டில் கனி. சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருஷம். கணிதம் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் ஞானசம்பந்தம் கடை என்றால் தெரியும். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் பம்ப் மோட்டார் மாட்டப் போனார். அங்கே ஷெட்டில் கோழி அடைத்து வைத்திருந்த ஒரு காரைப் பார்த்தார். சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை கிடையாது, மடக்குகிற துணி ஹூட்தான். உட்கார்ந்தால் தெரு நாயும் நாமும் ஒரே உயரம். 'வெள்ளைக்காரன் காலத்து வண்டி' என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். வண்டி அறுபத்தொன்பதில் செய்தது. வெள்ளைக்காரன் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன், இன்னும் அப்படித்தான் சொல்கிறார்.

கோழிகளை இறக்கிவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய எஞ்சின் செத்துப்போயிருந்தது. ஜிப்ஸி ஜீப்பின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வாங்கி அதற்குள் பொருத்தினோம். 'தோம்' என்றேன், கேட்டீர்களா? அப்பாவும் நானும். பள்ளிக்கூட யூனிஃபார்மில் கிரீஸ் பட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியது நான். கிளட்ச் பிளேட் மாற்றியது நான். அண்ணன் சத்தியசீலன் அந்த வண்டிக்குச் செய்தது என்ன தெரியுமா? துணி போட்டு மூடுவான். அவ்வளவுதான். அதில் ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டில் முட்டுகிற மாதிரி நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் தள்ளினான். ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். நல்லவன், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லவனாக இருப்பதற்கெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் கொடுப்பார்களா?

கொடுக்கிறேன் என்றார் அப்பா. ஆத்தூரில் நிச்சயதார்த்தம், பெண் அபிநயா, எல்லாரும் சாப்பிட்டு வெற்றிலை போடுகிற நேரம். அப்பா எழுந்து, "கல்யாணம் ஆனதும் அந்தச் செவப்பு வண்டி சீலனுக்குத்தான்" என்றார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் கையில் பாயசத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்?" என்றேன்.

"ஏன்னா?"

"ஏன் அவனுக்கு?"

"மூத்தவன்மா."

"அது அவன் திறமையாப்பா?"

அங்கேயே ஆரம்பித்தது. மூன்று மாசம் நடந்தது அக்கா. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, அப்பா குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று. நான் கத்தவே இல்லை. வாதம் மட்டும்தான் வைத்தேன். அண்ணன் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் எரிச்சல். எதிர்த்துப் பேசினால் தோற்கடிக்கலாம். தலையைக் குனிந்து சாம்பார் பிசைந்துகொண்டிருப்பவனை என்ன செய்வது?

கடைசியில் அப்பா களைத்துப்போய் ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியில்தான் சீலன் போகிறான், ஆத்தூர் பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும். வண்டியை நீயே ரெடி பண்ணு, நீயே ஓட்டு. "நடுவுல எங்கயும் நிக்காம மண்டபம் போய்ச் சேர்ந்துட்டா வண்டி உனக்கு. நின்னா சீலனுக்கு. அதுக்கப்புறம் இந்த வீட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நடக்கிற வேகம். தவழுகிற குழந்தை ஓட்டும்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி, சக்கரம். பழைய டயர் எல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓர் அபிப்பிராயம் சொன்னான். "அதே பழைய ரிம்ல அதே சைஸ் புது டயர் போட்டுடலாமே கனி." அந்தப் பழைய டயர் எப்படி இருக்கும் தெரியுமா? இதோ, இந்த சைஸ்தான். பாருங்கள். அப்பளம் மாதிரி இல்லை? ஜிப்ஸி எஞ்சினின் இழுப்புக்கு இது தாங்குமா? திருப்பத்தில் வழுக்கும். நான் முடியாது என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். ஆனால் ஸ்டெப்னிக்கு மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு புது ஒல்லி டயர் வாங்கிப் போட்டு வைத்தான். பிடிவாதத்தைப் பாருங்கள்.

அப்பாவோடு அந்தோணி அண்ணன் டயர் கடைக்குப் போனேன். அக்கா, நான் கேள்வி கேட்பேன், அவர் அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்வார். "சார், பதினஞ்சு இஞ்ச் போட்டுடுங்க. வண்டி புலி மாதிரி நிக்கும்." நான் சொன்னேன், அண்ணே, சக்கரம் பெரிசானா மட்கார்டுல இடிக்கும், ஸ்பீடா மீட்டரும் தப்பாக் காட்டும். "பாப்பா சொல்றது சரிதான் சார், ஆனா புலி மாதிரி நிக்கும்."

சரி, பதின்மூன்று இஞ்சிலேயே ஓர் அலாய் வீல் எடுத்து வந்தார். இந்தக் காலத்துக் கார்களுக்கு உள்ளது. நாலு ஓட்டை. எங்கள் வண்டிக்கும் நாலு ஓட்டை. "ஏறுது பாருங்க சார்" என்று அப்பாவிடம் காட்டினார். ஏறியது. ஆனால் நான் அளந்து வைத்திருந்தேன் இல்லையா? எங்கள் வண்டியின் போல்ட் வட்டம், அதாவது நாலு போல்ட்டும் அமைந்த வட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் பெரிசு. நட்டு சாய்வாகத்தான் உட்காரும். முறுக்கினால் நிற்கிற மாதிரி நிற்கும், ஓட ஓடக் கழன்றுகொள்ளும்.

"ஒண்ணரை மில்லிமீட்டருதான பாப்பா."

"அண்ணே, கண்ணாடில பவர் கொஞ்சம்தான் மாறிச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியப் போட்டுக்குவீங்களா?"

அப்பாவே சிரித்துவிட்டார். அந்தோணி அண்ணன் வீலைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா? "பின்னாடி லோடு ஏறுமா?" ஸ்போர்ட்ஸ் காரில்! லோடு! "இது என்ன லாரியா அண்ணே, வெங்காய மூட்டை ஏத்த?" என்று கேட்டேன். எந்தக் கேள்வி கேட்கணும் என்று தெரியாதவர்களெல்லாம் கடை வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் பந்தயக் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு செட் கிடைத்தது. போல்ட் வட்டம் மயிரிழை பிசகாமல் சரி. அதே பதின்மூன்று இஞ்ச். டயரின் மொத்த உயரம் பழையதற்குக் கிட்டத்தட்ட சமம். அகலம் மட்டும் நாலு சென்டிமீட்டர் கூட. மாட்டினதும் வண்டிக்கு மார்பு விரிந்த மாதிரி இருந்தது. அகலமான டயர் வெளியே தள்ளி மட்கார்டு விளிம்புக்குக் கீழே வரும், அது எனக்குத் தெரியாதா? கணக்குப் போட்டேன். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும், விளிம்பு எங்கே வரும், எல்லாம். அப்பாவை டிரைவர் சீட்டிலும் அண்ணனைப் பக்கத்திலும் உட்காரவைத்து இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். போனது.

"என் விரல் போகல கனி" என்றான் அண்ணன், இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு.

"உன் விரல் குண்டு."

ஸ்டெப்னியை டிக்கியிலிருந்து இறக்கச் சொன்னதும் நான்தான். பதினோரு கிலோ. எடை விஷயத்தில் நான் அவ்வளவு கறார்.

நடுவில் அபிநயா அண்ணி ஒருநாள் போன் செய்தார்கள். "கனி, வண்டில எத்தனை பேர் உட்காரலாம்? எங்க ஊர்ல மாப்பிள்ளை அழைப்புன்னா பசங்க எல்லாம் ஏறிடுவாங்க."

"அண்ணி, இது டூ சீட்டர். ரெண்டு பேர்."

"அது அவங்களுக்குத் தெரியாதே கனி."

பி.எட். முடித்தவர்கள் அக்கா. வண்டியின் பெயரிலேயே இருக்கிற விஷயம். பொறுமையாக இன்னொரு தடவை விளக்கிவிட்டுப் போனை வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்கணும். மல்லிகைச் சரம் பானெட் முழுக்க. நாதஸ்வரம், தவில், தலையில் ட்யூப் லைட் தூக்குகிற பெண்கள், ஜெனரேட்டர் வண்டி. நான் பட்டுப் பாவாடை தாவணியில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததும் பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர் வந்தார். "யாரு ஓட்டறது?" நான்தான் என்றேன். "அப்புறம் யாரு ஓட்டுவாங்க?" என்றார். அவருக்கு நான் கொடுத்த பதிலைச் சொன்னால் உங்கள் ஸ்டாப் தாண்டிவிடும்.

அண்ணன் கோட்டும் மாலையுமாக வந்து மடக்கின ஹூட் மேல் ஏறி உட்கார்ந்தான், எல்லாருக்கும் தெரியணுமாம். சரி, அவன் எண்பத்தெட்டு கிலோ, கணக்கில் இருக்கிறது. பக்கத்துச் சீட்டில் மாப்பிள்ளைத் தோழன், அண்ணியின் தம்பி. அவனும் கணக்கில் இருக்கிறான். கியரைப் போட்டேன். அப்போதுதான் வந்தார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பட்டுப் பாவாடை, குட்டி வேட்டி, ஷெர்வானி. தோழன் மடியில் இரண்டு. அவன் காலுக்கு இடையில் ஒன்று. அண்ணனைச் சுற்றி நாலு. டிக்கி மூடி மேல் மூன்றோ என்னவோ. ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கி, "மாமா பக்கத்துல உக்காருடா செல்லம்" என்று அண்ணன் கையில் கொடுத்துவிட்டு செல்போனில் படம் எடுக்கப் போய்விட்டார்.

"இறங்குங்க, இது டூ சீட்டர்" என்றேன். ஒரு குட்டிப் பெண், தியா என்று பெயர், ஆறு வயசு இருக்கும், என் தோளைத் தட்டி, "போலாம் ரைட்" என்றாள்.

நாதஸ்வரம் கிளம்பிவிட்டது. நான் கிளம்பாவிட்டால் நின்றதாக ஆகிவிடும். கிளம்பினேன்.

பத்தடி போவதற்குள் சத்தம் வந்தது. கர்ர்ர். இடது பின்பக்கம். ஒரு குழியில் இறங்கினால் கர்ர்ர். பிள்ளைகள் குதித்தால் கர்ர்ர். மட்கார்டு விளிம்பு டயரைச் சுரண்டுகிறது. பிறகு நாற்றம். பெரியப்பா பக்கத்தில் நடந்துகொண்டே, "கிளட்ச்ச மிதிச்சுட்டே ஓட்டறா, பொம்பளைங்க அப்படித்தான்" என்று யாரிடமோ சொன்னார். கிளட்ச் நாற்றத்துக்கும் ரப்பர் நாற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். நிறுத்திவிட்டு இறங்கி விளக்கியிருப்பேன். நிறுத்த முடியாதே.

அண்ணன் குனிந்து என் காதில் சொன்னான். "கனி, ஒரு நிமிஷம் நிறுத்தேன். பசங்கள இறக்கிடலாம். டயர் போயிடும்."

"நிறுத்தினா வண்டி உனக்கு. அதுக்குத்தான கேக்குற?"

அவன் குழந்தையைத் தோழன் கையில் கொடுத்தான்.

கடைவீதி தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர். அதில் ஏறி இறங்கும்போது டமார் என்று ஒரு சத்தம். டயர்தான். ஆனால் அதே நேரத்தில் முன்னால் சரவெடியும் கொளுத்தியிருந்தார்கள், அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். தியா "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றாள். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து இழுக்கிறது, ஸ்டியரிங் என் கையில் திமிறுகிறது, எஞ்சின் திணறுகிறது. நின்றுவிடப் போகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்தின் சீரியல் லைட் கண்ணுக்குத் தெரிகிறது, அதோ அந்தப் பெட்ரோல் பங்க் தூரம்தான். மூன்று மாச வாதம், எட்டு வருஷக் கிரீஸ், எல்லாம் அங்கே வைத்து முடியப் போகிறது.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஓட்டு கனி, ஓட்டு." அப்புறம் வண்டி சட்டென்று ஒரு மூச்சு விட்டு எழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளையைக் காணோம்.

குதித்துவிட்டான் அக்கா. மாலையைக் கழற்றி ஹூட் மேல் போட்டுவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து. நடக்கிற வேகம்தான், இருந்தாலும் கோட்டு சூட்டில் யார் குதிப்பார்கள்? எண்பத்தெட்டு கிலோ இறங்கினதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. சுரண்டுவது நின்றது. காற்றில்லாத டயர் தப்பு தப்பு என்று அடித்துக்கொள்ள, நான் கியரை மாற்றாமல், ஆக்சிலரேட்டரை விடாமல், நாதஸ்வரக்காரர்களை ஓரம் கட்டி முந்திக்கொண்டு, ஊர்வலத்துக்கு முன்னால் போய் மண்டப வாசலில் நிறுத்தினேன்.

ஆரத்தித் தட்டோடு அண்ணியின் அத்தைமார் தயாராக நின்றார்கள். வண்டியில் மாப்பிள்ளை உட்காரவேண்டிய இடத்தில் தியா உட்கார்ந்திருந்தாள், ரோஜா மாலையைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் தொங்கத் தொங்க. ஓர் அத்தை கை போன வேகத்தில் அவளுக்கு மூன்று சுற்றும் சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒருவர் கேட்டார், "மாப்பிள்ளை எங்கம்மா?"

"பின்னாடி வர்றார்" என்றேன். உண்மைதானே.

வந்தான். கணுக்கால் பிசகி, தவில்காரர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு.

அங்கேயே பஞ்சாயத்து. பெரியப்பா, "டயரு கிழிஞ்சு தொங்குது, இது வந்து சேர்ந்த லட்சணமா? நடுவுல நின்னுதான் மாப்பிள்ள எறங்கியிருக்கணும்" என்றார். நான் நிபந்தனையை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். வண்டி வந்து சேரணும் என்றுதான் பேச்சு. மாப்பிள்ளை வந்து சேரணும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார், பிறகு அண்ணனைக் கேட்டார். "நீ சொல்லு சீலா. வண்டி நின்னுச்சா?"

ஒரு வார்த்தை போதும் அக்கா. நின்னுச்சு என்று சொன்னால் வண்டி அவனுக்கு. அவன் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னான்:

"நிக்கலப்பா. நின்னிருந்தா மெதுவா இறங்கியிருப்பேனே. ஓடிட்டே இருந்துச்சு, அதான் குதிக்க வேண்டியதாப் போச்சு."

அப்பா அங்கேயே சாவியை என் கையில் வைத்தார். மறுநாள் தாலி கட்டிவிட்டு அண்ணன் அக்கினியை நொண்டி நொண்டிச் சுற்றினான். அண்ணி அவன் சுண்டுவிரலைப் பிடிக்கவில்லை, முழங்கையையே பிடித்துத் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கணும் இல்லையா? இல்லை. ஏன் தெரியுமா? என் கணக்கு சரியாக இருந்தது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. டூ சீட்டருக்கு என் கணக்கு நூற்றுக்கு நூறு. அதில் பதினான்கு பேர் ஏறினால் அது கணக்கின் தப்பா, பதினான்கு பேரின் தப்பா? அதைவிட அநியாயம், ஊரே என்ன பேசுகிறது என்றால், அண்ணன் எனக்காகக் குதித்தானாம். தங்கச்சிக்கு வண்டியை விட்டுக் கொடுத்தானாம். ஆத்தூர் பூரா இதே பேச்சு. நான் அண்ணியிடம் சொன்னேன், விட்டுக் கொடுக்கவெல்லாம் இல்லை அண்ணி, டயர் வெடித்ததும் பயந்துபோய்க் குதித்துவிட்டான்.

"பயந்து குதிச்சவரு ஏன் 'ஓட்டு, ஓட்டு'ன்னு சொல்லிட்டுக் குதிச்சாரு கனி?" என்றார்கள் அண்ணி.

பயத்தில் மனுஷர்கள் எதை எதையோ கத்துவார்கள். அப்படித்தான் பதில் சொன்னேன். சரியான பதில்தானே? அண்ணி சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். டீச்சர் ஆகப் போகிறவர்கள் இப்படி வாதத்தைப் பாதியில் விட்டுப் போகக்கூடாது. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அந்த வாதம் முடியாததால்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டிவிட்டோமா? சரி. வண்டி இன்னும் மண்டபத்துக் காம்பவுண்டில்தான் நிற்கிறது. கிழிந்த டயரைக் கழற்றிவிட்டு, அண்ணன் போட்டு வைத்த இந்த ஸ்டெப்னியை மாட்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரணும். ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். உயரம் கிட்டத்தட்ட ஒன்று, மெதுவாக வந்துவிடலாம். இது மட்கார்டில் தட்டவே தட்டாது, என் கையே உள்ளே போகும். சும்மா சொல்கிறேன், ஒல்லி டயரின் பெருமை இல்லை.

அண்ணனும் அண்ணியும் மறுவீட்டு விருந்து முடிந்து இன்றைக்குச் சேலம் திரும்பணும். அவனுக்குக் கால் வீக்கம் வடியவில்லை, பஸ்ஸில் ஏற முடியாது. காலையில் போன் செய்தான். "கனி, உன் வண்டில எனக்கு எடம் இருக்குமா?" என்று கேட்டான். உன் வண்டி என்றான். நான் டூ சீட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற ஒரு திட்டு இருக்கிறது, அண்ணி அதில் உட்காரலாம். ஆனால் இந்தத் தடவை ஏறுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடணும். நான் ஐம்பத்திரண்டு. அண்ணன் எண்பத்தெட்டு, விருந்து சாப்பிட்டு இரண்டு கிலோ கூட வைத்துக்கொள்வோம். மறுவீட்டுப் பலகாரம் ஒரு கூடை இருக்கும். பிள்ளைகள் யாராவது ஒளிந்து ஏறினால், அதற்கு ஒரு இருபது. எல்லாம் வந்துவிட்டது. அண்ணியின் எடைதான் தெரியவில்லை. புதுப் பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. நீங்கள் கிட்டத்தட்ட அவர்கள் உடல்வாகுதான். உங்கள் எடை எவ்வளவு இருக்கும்?